மேனேஜருக்கு ஏக்கம்

ஜூன் 4

சின்னவளுக்கு,

நான் நலம். நீயும் உன் விடுதியில் இருக்கும் அறுபது பெண்பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். வார்டன் வேலை கிடைத்து நீ இங்கிருந்து போய் எட்டு மாதம் ஆகிறது. அதில் எனக்கு நீ போட்டது இரண்டு கடிதம். ஒன்று, சான்றிதழ்களை அனுப்பச் சொல்லி. இன்னொன்று, அனுப்பியது கிடைத்தது என்று. குறையாகச் சொல்லவில்லை, சும்மா எண்ணிப் பார்த்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் மேனேஜர் ராத்திரியில் வீட்டுக்குள்ளேயே மூத்திரம் போகிறான். ஒன்பது வயது நாய், குட்டியாக இருந்தபோதுகூட இப்படி மானத்தை வாங்கியதில்லை. கீழ் வீட்டு அக்கா நேற்று படியில் மறித்து, "என்னப்பா, மேலேருந்து ஒரு மாதிரி வாடை வருதே" என்றாள். மழைக்கு ஊறின சுவர் என்று சொல்லிச் சமாளித்தேன். மழை பெய்து மூன்று மாதம் ஆகிறது.

லிஃப்ட் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் புகார்ப் புத்தகம் எழுதிய கை சும்மா இருக்குமா? இதற்கும் ஒரு நோட்டு போட்டுவிட்டேன். பத்தொன்பது நாளில் பதினாறு நாள் தரை ஈரம். அதில் பதினான்கு நாள் ஒரே இடம். எந்த இடம் தெரியுமா? உன் தையல் மெஷின் நின்ற இடம். நீ அதைக் கொண்டுபோன பிறகு அங்கே நான் ஒரு ஸ்டூல்கூடப் போடவில்லை. ஐயா அந்த வெறும் தரையைத் தேடிப் போய்த்தான் வேலையை முடிக்கிறார்.

காலையில் நான் எழுந்து வந்தால் என் முகத்தைப் பார்ப்பதில்லை. லஞ்சம் வாங்கிப் பிடிபட்ட அதிகாரி மாதிரி காலண்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். "ஏண்டா, வயசு என்ன ஆச்சு உனக்கு?" என்று கத்தினேன். இரண்டு நாள் மூக்கைத் தரையில் வைத்து அழுத்தவும் செய்தேன். உன்னிடம் மறைக்கவில்லை.

எங்கள் ஒயர்மேனிடம் சொன்னேன். "அண்ணே, அது வியாதி இல்ல. ஏக்கம். அண்ணி போனது அதுக்கு இப்பத்தான் உறைச்சிருக்கு" என்றான். எனக்கும் அப்படித்தான் படுகிறது. எட்டு மாதம் கழித்தா என்று நீ கேட்பாய். சிலருக்கு லேட்டாகத்தான் உறைக்கும்.

நீ இருந்தவரை ஒழுங்காக இருந்தானே, அப்போது என்ன செய்வாய்? எழுது.

இப்படிக்கு,
வீட்டோடு இருப்பவன்

ஜூன் 9

மெக்கானிக் அவர்களுக்கு,

நலம். கடிதம் கிடைத்தது.

முதலில், அவன் மூக்கைத் தரையில் அழுத்துவதை விடுங்கள். அவனுக்கு அதிலிருந்து ஒன்றும் புரியாது. உங்களைக் கண்டால் பயம் வரும், அவ்வளவுதான். தரையை வெறும் தண்ணீரில் துடைத்திருப்பீர்கள். நம் மூக்குக்குப் போய்விடும், அவன் மூக்குக்குப் போகாது. வினிகர் கலந்து துடையுங்கள். பினாயில் வேண்டாம், அவனுக்குத் தும்மல் வரும்.

நான் என்ன செய்வேன் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்பது வருஷம் கழித்தாவது கேட்டீர்களே, சந்தோஷம். படுக்கும் முன் கீழே ஒரு நடை அழைத்துப் போவேன். விடிகாலை நாலரைக்குப் பின்கதவைத் திறந்து படியில் இறக்கிவிடுவேன். திரும்பி வந்ததும் காலைத் துடைத்துப் படுக்க வைப்பேன். நீங்கள் ஆறரைக்கு எழுந்து வந்து, "பாரு, என்ன சமர்த்து!" என்று அவனைத் தட்டிக்கொடுப்பீர்கள்.

தையல் மெஷின் நின்ற இடம் பின்கதவிலிருந்து ஓர் எட்டு. அவன் மெஷினைத் தேடிப் போகவில்லை, கதவுக்குப் போகிறான். திறக்க ஆள் இல்லை. அங்கேயே விட்டுவிடுகிறான்.

ஆனால் எனக்கு ஒன்று உறுத்துகிறது. நான் வந்த பிறகும் ஏழு மாதம் விடியும்வரை அடக்கிக்கொண்டுதானே இருந்தான், இப்போது ஏன் முடியவில்லை? தண்ணீர் எவ்வளவு குடிக்கிறான்? முன்னைவிட அதிகமா? மர டிப்போவுக்கு அடுத்த கட்டடத்தில் புதிதாக ஒரு நாய் டாக்டர் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். இந்த வாரமே காட்டுங்கள். ஏக்கம் கீக்கம் என்று ஒயர்மேன் பேச்சைக் கேட்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

இங்கே வேலை அதிகம். ஒரே சமயத்தில் இருபது பெண்களுக்குக் காய்ச்சல்.

இப்படிக்கு,
வார்டன்

ஜூன் 14

சின்னவளுக்கு,

நாலரைக்கு அலாரம் வைத்தேன். எழுந்தும் விட்டேன், நம்பு. ஆனால் நான் கதவைத் திறப்பதற்குள் தரை நனைந்திருக்கிறது. இருந்தாலும் கவலைப்படாதே, பழுது எங்கே என்று கண்டுபிடித்துவிட்டேன்.

நீ சொன்னது சரிதான். தண்ணீர் கிண்ணம் கிண்ணமாகக் குடிக்கிறான். எங்கள் தொழிலில் கீழே ஒழுகினால் மேலே அடைப்பதுதான் முதல் பாடம். மாலை ஆறு மணிக்குக் கிண்ணத்தை எடுத்து அலமாரி மேல் வைத்துவிடுகிறேன். நாலு நாளில் தரையில் பாதிதான் ஈரம்! ஐயாவும் லேசுப்பட்டவர் இல்லை. குளியலறைக்குள் புகுந்து தரையை நக்குகிறார், கள்ளன். அந்தக் கதவையும் தாழ் போட்டாயிற்று.

டாக்டர் வேண்டியதில்லை என்று நான் நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. நீ விட்டுப்போன நீலப் போர்வையை எடுத்து அந்த இடத்தில் விரித்துப் பார்த்தேன். போய்ப் படுத்தவன்தான். ஞாயிறு முழுக்க அதைவிட்டு எழுந்திருக்கவில்லை. சோற்றைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். என்னைப் பார்த்தாவது வாலை ஆட்டினானா என்றால், அதுவும் ஒப்புக்குத்தான். இதைவிட என்ன சாட்சி வேண்டும் உனக்கு?

அதனால் ஒன்று கேட்கிறேன். ஒரே ஒரு ஞாயிறு வா. தங்க வேண்டாம் என்றால் சனி இரவு மட்டும் இருந்துவிட்டுக் காலை பஸ்ஸில் போய்விடு. நீ வந்தும் தரை நனைந்தால் டாக்டரிடம் கொண்டுபோகிறேன். நனையாவிட்டால் மேற்கொண்டு பேசலாம்.

வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. ரேடியோவைப் போட்டால் அவனும் என்னோடு உட்கார்ந்து கேட்கிறான்.

இப்படிக்கு,
வீட்டோடு இருப்பவன்

ஜூன் 17

மெக்கானிக் அவர்களுக்கு,

இதைப் படித்து முடிப்பதற்கு முன் எழுந்து போய்த் தண்ணீர்க் கிண்ணத்தைக் கீழே வையுங்கள். வைத்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள். உங்கள் கம்பெனிக்கு மூன்று தடவை போன் செய்தேன். லிஃப்ட் குழிக்குள் இருக்கிறீர்கள் என்றார்கள். அதனால்தான் எக்ஸ்பிரஸ் தபால்.

வைத்தாயிற்றா?

ஒரு நாள் முழுக்க எழுந்திருக்கவில்லை. சோறு வேண்டாம் என்கிறான். தாகத்தில் தரையை நக்குகிறான். இதெல்லாம் உங்கள் கண்ணுக்கு ஏக்கமாகத் தெரிகிறது.

போன வருஷம் துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஏறினால் நான் பாதிப் படியில் உட்கார்ந்துவிடுவேன். நீங்கள் பார்த்தீர்கள். "உனக்கு அம்மா ஞாபகம் வந்துடுச்சு. நாலு நாள் போய் இருந்துட்டு வா" என்றீர்கள். அன்பாகத்தான் சொன்னீர்கள். பஸ் ஏற்றிவிட்டு ஜன்னல் வழியாகப் பழமும் வாங்கிக் கொடுத்தீர்கள். பதினோரு மாதம் இப்படியே போயிற்று. கடைசியில் கீழ் வீட்டு அக்காதான் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். எனக்கு ரத்தம் ஆறுதான் இருந்தது. பன்னிரண்டு இருக்க வேண்டுமாம். "இவ்வளவு நாள் வீட்ல யாருமே கவனிக்கலையாம்மா?" என்று நர்ஸ் கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நான் ஏன் போனேன் என்று என் அக்காவிடம் கேட்டீர்கள், என் தம்பியிடம் கேட்டீர்கள். என்னிடம் கேட்கவில்லை. இதற்காகத்தான் போனேன். நீங்கள் கெட்டவர் இல்லை. ஆனால் உங்கள் பக்கத்தில் இருக்கும் உயிருக்கு மனசு மட்டும்தான் இருக்கிறது என்று நினைக்கிறீர்கள். உடம்பு என்று ஒன்று இருக்கிறது.

நாளைக்கே டாக்டர். லீவு போடுங்கள். யார் லிஃப்டில் மாட்டிக்கொண்டாலும் மாட்டிக்கொள்ளட்டும்.

வார்டன்

ஜூன் 22

சின்னவளுக்கு,

கிண்ணத்தை வைத்தேன். தலை நிமிராமல் குடித்தான். நிரப்பினேன். மறுபடியும் குடித்தான். மூன்றாவது தடவை நிரப்பிவிட்டு அவன் பக்கத்தில் சமையல்கட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் கொண்டுபோனேன். டாக்டரம்மா சின்ன வயதுதான், ஆனால் வாய் ரொம்ப நீளம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு உட்கார வைத்துச் சொன்னார். "ரெண்டு சிறுநீரகமும் பாதிக்கு மேல போயிடுச்சு சார். உள்ளே சேர்ற விஷத்தைக் கழுவித் தள்ளத்தான் அது அவ்வளவு தண்ணி குடிக்குது. வயசான நாய், ராத்திரி அடக்க முடியல. இதுல நீங்க வேற தண்ணியை நிறுத்தியிருக்கீங்க. எத்தனை நாள்?" எட்டு நாள் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு அவன் தலையைத் தடவினார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மருந்து கொடுத்திருக்கிறார். பிடித்தால் சில மாதம் ஓட்டலாமாம். குணமாகாது.

இன்னொன்று சொல்ல வேண்டும். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? சிறுநீரகம் என்று அவர் சொன்னதும் எனக்கு முதலில் வந்தது கவலை இல்லை, ஏமாற்றம். அப்படியென்றால் உன் ஞாபகம் இல்லையா, வெறும் வியாதிதானா என்று. அந்த வாயில்லாப் பிராணி தவித்துக்கொண்டு நிற்கிறது, நான் உன்னை வரவழைக்க ஒரு காரணம் போயிற்றே என்று நிற்கிறேன். இப்படியும் ஒரு மனுஷனா என்று வீடு வரும்வரை எனக்கே அருவருப்பாக இருந்தது.

உன் ரத்தம் ஆறு என்பது உன் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். நான் கேட்டிருக்க வேண்டும். மன்னித்துவிடு என்று எழுதினால் ரொம்பச் சின்னதாகத் தெரிகிறது. இருந்தாலும் எழுதுகிறேன், மன்னித்துவிடு.

பின்கதவு ஓரமாகப் பாய் விரித்து அங்கேயே படுத்துக்கொள்கிறேன். அவன் எழுந்தால் நகச் சத்தம் கேட்கிறது. பாதி நாள் கதவைத் திறந்துவிட முடிகிறது. மீதி நாள் துடைக்கிறேன்.

இப்படிக்கு,
அத்தான்

ஜூன் 27

மெக்கானிக் அவர்களுக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு.

பழைய விரிப்புகளை மடித்து அந்த இடத்தில் போடுங்கள், அடியில் பிளாஸ்டிக் ஷீட். நனைந்துவிட்டால் அவன் பார்க்கும்போது துடைக்காதீர்கள். அவனுக்கு வெட்கம் அதிகம். அவனை முன்னறைக்கு அனுப்பிவிட்டுத் துடையுங்கள். மாத்திரையைச் சோற்றில் வைத்தால் துப்புவான், வெண்ணெயில் உருட்டிக் கொடுங்கள்.

வாரம் ஒரு கடிதம் போடுங்கள். அவனைப் பற்றி மட்டும். உங்களைப் பற்றியும் வேண்டாம், நம்மைப் பற்றியும் வேண்டாம். எனக்கு அதற்குத் தெம்பில்லை. நான் வருவேன் என்று எதிர்பார்த்துக்கொண்டும் இருக்காதீர்கள்.

பாய் தரையில் ஜில்லென்று இருக்கும். அடியில் ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள்.

வார்டன்

ஜூலை 20

சின்னவளுக்கு,

அவனைப் பற்றி மட்டும். தரை காய்ந்திருக்கிறது!

இன்றோடு மூன்று நாள். ஒரு சொட்டு இல்லை. பழைய விரிப்பைத் தடவித் தடவிப் பார்த்தேன், மொடமொடவென்று இருக்கிறது. படியில் இறக்கினாலும் மோந்து பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பி ஏறுகிறான். அடக்கக் கற்றுக்கொண்டான் போலிருக்கிறது. நோட்டில் சிவப்பு மையில் எழுதி, கம்பெனிக்கே கொண்டுபோய்க் காட்டினேன். "என்ன அண்ணே, பேரன் பொறந்த மாதிரி சிரிக்கிறீங்க" என்று ஒயர்மேன் கேலி செய்தான்.

கொஞ்சம் சோர்வாகத்தான் இருக்கிறான். மருந்தின் வேகமாக இருக்கும். இனிமேல் நானும் கட்டிலில் படுக்கலாம் என்று பார்த்தேன், பாய் பழகிவிட்டது, தூக்கம் வரவில்லை. அடடா, இது என்னைப் பற்றி. அடித்துவிட்டுப் படி.

அத்தான்

ஜூலை 23

காய்ந்திருப்பது நல்லதில்லை. குடிக்கிற தண்ணீர் எங்கே போகிறது என்று யோசித்தீர்களா? விடுதி நர்ஸிடம் கேட்டேன். நீர் பிரிவது நின்றால் விஷம் உடம்பிலேயே தங்கிவிடுமாம். இது கிடைத்த நிமிஷமே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். என்ன சொன்னார் என்று உடனே எழுதுங்கள்.

ஜூலை 29

சின்னவளுக்கு,

டாக்டரிடம் காட்டினேன். ஊசி போட்டார், இப்போது தேவலை. பழையபடி ராத்திரியில் இரண்டு தடவை போகிறான், பழையபடி துடைக்கிறேன். நேற்று கீழ் வீட்டு அக்காவின் பூனையை மதில்வரை துரத்திவிட்டு வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். உனக்குச் சொன்னால் நம்பமாட்டாய். மாத்திரையை வெண்ணெயில் உருட்டினால் வெண்ணெயை மட்டும் தின்றுவிட்டு மாத்திரையை என் செருப்புக்குள் துப்புகிறான்.

நீ பயப்படாமல் இரு. அடுத்த வாரம் எழுதுகிறேன்.

அத்தான்

ஆகஸ்ட் 9

அத்தான்,

இங்கே ஒரு பெரிய மருந்துக்கடை இருக்கிறது. அவனுடைய மாத்திரையை மொத்தமாக வாங்கி அனுப்பலாம் என்று, பெயரைக் கேட்க இன்று டாக்டருக்குப் போன் செய்தேன்.

"அவர் சொல்லலையா மேடம்? இருபத்தி நாலாம் தேதி காலையிலேயே போயிடுச்சே" என்றார்.

என் கடிதம் உங்களுக்கு அன்று மதியத்துக்கு முன் கிடைத்திருக்காது. அப்படியானால் யாரும் சொல்லாமலே தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறீர்கள். "வாயில ஒரு வாடை வருதும்மா, கண்ணு வேற மாதிரி இருக்குன்னு அவரேதான் கண்டுபிடிச்சுக் கொண்டு வந்தார்" என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

அதற்குப் பிறகு இரண்டு கடிதம் எழுதியிருக்கிறீர்கள். பூனையைத் துரத்தியதைப் படித்துவிட்டு இங்கே பெண்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டினேன். ஐந்தாம் தேதிக் கடிதத்தில் அவன் எடை கூடியிருப்பதாக வேறு எழுதியிருக்கிறீர்கள். கோபம் வரும் என்று மாலைவரை காத்திருந்தேன். வரவில்லை. அவனைப் பற்றி மட்டும் எழுதுங்கள் என்று சொன்னவள் நான்தான்.

நானும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த வீட்டில் யார் ஏங்குகிறார்கள் என்று உங்கள் முதல் கடிதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டேதான் வினிகரைப் பற்றி எழுதினேன்.

நான் திரும்பி வரமாட்டேன் அத்தான். உங்களைத் தண்டிப்பதற்காக இல்லை. இங்கே எனக்கு உடம்பு தேறிவிட்டது. மூன்று மாடி ஏறினாலும் மூச்சு வாங்குவதில்லை. தனியாக இருப்பது சில நாள் கஷ்டமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் இருக்க முடிகிறது.

அவன் கடைசிக் காலை எப்படிப் போனான் என்று உள்ளபடி எழுதுங்கள். எனக்கு அது தெரிய வேண்டும். அதற்கு அப்புறம் நாம் எழுதிக்கொள்ள ஒன்றும் இருக்காது என்று நினைக்கிறேன். நிறுத்திக்கொள்வோம்.

சின்னவள்

ஆகஸ்ட் 19

சின்னவளுக்கு,

இதை எழுதினால் முடிந்துவிடும் என்பதால் ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். தப்புதான். உனக்குத் தெரிய வேண்டும், எழுதுகிறேன்.

அன்று காலை ஆறு மணிக்குப் பால் வைத்தேன், தொடவில்லை. முகத்தைக் கிட்டே கொண்டுபோனபோது வாயில் வாடை அடித்தது. கண் என்மேல் இருந்தது, ஆனால் பார்க்கவில்லை. தரை காய்ந்திருக்கிறது என்று நான் குதித்தது எதற்கு என்று அப்போதுதான் தலையில் இடித்தது. நீலப் போர்வையோடு அப்படியே தூக்கிக்கொண்டு படி இறங்கினேன். ரொம்ப லேசாக இருந்தான். கீழ் வீட்டு அக்கா ஓடிப் போய் ஆட்டோவை நிறுத்தினாள்.

டாக்டரம்மா பார்த்துவிட்டு, ஊசி போட்டு இழுத்துக்கொண்டிருப்பதா, விட்டுவிடுவதா என்று கேட்டார். வலிக்குமா என்று கேட்டேன். "வலிக்கும் சார், விட்டா கொஞ்ச நேரம்தான்" என்றார். விட்டுவிடுங்கள் என்றேன். உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன். மேஜையில் படுக்க வைக்க மனம் வரவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டேன். காதுக்குப் பின்னால் நீ சொறிவாயே, அந்த இடத்தைச் சொறிந்துகொண்டே இருந்தேன். ஒரு கால் மணி நேரம். கடைசியில் என் பேண்ட் நனைந்துவிட்டது. "பரவாயில்லடா, பரவாயில்ல" என்று சொன்னேன். கேட்டதா என்று தெரியாது.

அதற்கு அப்புறம் டாக்டரம்மா எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். மேஜைமேல் இருந்த போனை என் பக்கம் நகர்த்தி, "வீட்ல யாருக்காவது சொல்லணுமா சார்?" என்று கேட்டார்.

"வேண்டாம்மா, நான் எழுதிக்கிறேன்" என்றேன்.

அத்தான்